ஈகிள் ஸ்கவுட் சேவைத் திட்டத்தைச் செட்டிநாட்டில் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் பிறந்து வளரும் நம் பேரப்பிள்ளைகள் பலர் அங்கே சாரணர் இயக்கத்தில் இருக்கிறார்கள். அதன் மிக உயர்ந்த படியான ஈகிள் ஸ்கவுட் நிலையை அடைய ஒரு சேவைத் திட்டத்தைத் தலைமையேற்று நடத்த வேண்டும். அதைக் கோடை விடுமுறையில் காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ சுற்றியுள்ள ஊர்களிலோ நடத்தலாமா என்று பெற்றோரும், அவர்களைவிட ஆவலாக ஐயாமார்களும் (தாத்தாக்களும்) அப்பத்தாமார்களும் (பாட்டிகளும்) கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளுக்கான விடைகள் இவை.

ஈகிள் ஸ்கவுட் என்பது என்ன? அதில் இந்தத் திட்டம் எங்கே வருகிறது?

அமெரிக்கச் சாரணர் இயக்கம் 2025 பிப்ரவரி முதல் ஸ்கவுட்டிங் அமெரிக்கா என்ற பெயரில் இயங்குகிறது. அதில் ஸ்கவுட் என்ற முதல் படியிலிருந்து டெண்டர்ஃபுட், செகண்ட் கிளாஸ், ஃபர்ஸ்ட் கிளாஸ், ஸ்டார், லைஃப் என்று ஏறி, ஏழாவதாக ஈகிள் படியை அடைய வேண்டும். முதல் ஈகிள் ஸ்கவுட்டான ஆர்தர் எல்ட்ரெட் 1912 இல் அந்த நிலையை அடைந்தார். சேவைத் திட்டம் கட்டாயமானது 1965 இல்தான். 2019 பிப்ரவரி முதல் பெண் பிள்ளைகளும் இதே படிகளில் ஏறலாம். ஆகவே பேத்திக்கும் இந்த விடைகள் அப்படியே பொருந்தும்.

ஈகிள் ஆவதற்கு 21 தகுதிச் சின்னங்கள், லைஃப் நிலையில் குறைந்தது ஆறு மாதச் செயல்பாடு, பிள்ளை சேர்ந்திருக்கும் சாரணர் குழுவான படையில் ஒரு பொறுப்பு ஆகியவற்றோடு இந்தத் திட்டமும் வேண்டும். லைஃப் நிலையில் இருக்கும்போதே ஒரு வழிபாட்டு நிறுவனத்துக்கோ பள்ளிக்கோ சமூகத்துக்கோ பயன்படும் சேவை ஒன்றைத் திட்டமிட்டு, உருவாக்கி, பிறருக்குத் தலைமை தாங்கி நடத்த வேண்டும் என்பதே விதி. ஸ்டார் நிலையில் இருக்கும் பிள்ளை இந்தக் கோடையில் இங்கே வந்து செய்து முடித்துவிட்டுப் பிறகு கணக்கில் சேர்த்துக்கொள்ள முடியாது. விதியில் கனம் மிகுந்த பகுதி ‘பிறருக்குத் தலைமை தாங்கி’ என்பதே. நம் ஊரில் நடக்கும் திட்டங்கள் சறுக்குவதும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான்; அதைக் கீழே விரிவாகச் சொல்லியிருக்கிறோம்.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளை இந்தியாவில் செய்தால் ஏற்பார்களா?

ஏற்பதற்கு இடம் உண்டு. விதியில் வரும் சமூகம் என்பதை உலகச் சமூகம் வரைக்கும் விரித்துப் பொருள்கொள்ளலாம் என்று இயக்கத்தின் வழிகாட்டுதலே சொல்கிறது. ஆனால் இடம் உண்டு என்பதற்கும் அனுமதி கிடைத்துவிட்டது என்பதற்கும் நடுவில் தூரம் இருக்கிறது. பிள்ளை சார்ந்துள்ள கவுன்சிலோ (இயக்கத்தின் வட்டார அமைப்பு) அதன் உட்பிரிவான டிஸ்ட்ரிக்டோ முன்மொழிவைப் படித்து, பாதுகாப்பாகவும் முறையாகவும் இதை நடத்த முடியும் என்று நம்ப வேண்டும். எண்ணாயிரம் மைலுக்கு அப்பால் நடக்கும் வேலையைப் பற்றி அவர்கள் கூடுதலாகக் கேள்வி கேட்பது இயல்பு. விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்பே அவர்களிடம் பேசிவிடுவது நல்லது.

யார் யார் கையெழுத்திட வேண்டும்?

நான்கு தரப்பினர். பயன்பெறும் அமைப்பு, பிள்ளையின் ஸ்கவுட் மாஸ்டர், படையின் கமிட்டி, கவுன்சில் அல்லது டிஸ்ட்ரிக்ட். எல்லோரும் கையெழுத்திடுவது ஒர்க்புக் என்று பிள்ளைகள் சொல்லும் அதிகாரபூர்வப் படிவத் தொகுப்பில் உள்ள முன்மொழிவுப் பகுதியில். நான்கும் வந்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். நன்கொடை திரட்டுவதும் அப்படித்தான். இடத்தைப் பார்த்து வருவது, தலைமையாசிரியரிடம் பேசுவது, அளவெடுப்பது போன்ற ஆயத்தங்கள் முன்மொழிவு எழுதவே தேவைப்படுபவை என்பதால் அவற்றுக்குத் தடையில்லை.

இங்கே கையெழுத்திடுகிறவருக்கு அந்தப் படிவம் புதிது. அவரிடம் ஆங்கிலத் தாளை நீட்டி, “இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்கள் ஐயா” என்று கேட்பது முறையன்று. திட்டத்தில் மாற்றம் கேட்கவும், வேண்டாம் என்று சொல்லவும், வேலை முடிந்தபின் தமக்குத் திருப்தியா என்று தெரிவிக்கவும் அவருக்கு உரிமை உண்டு. இதைத் தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்து, அவர் படித்துப் பார்க்க நாலு நாள் விட்டு, பிறகு போங்கள். மின்னஞ்சலில் வரும் ஒப்புதலும் ஸ்கேன் செய்த கையெழுத்தும் செல்லுமா என்பதைப் பிள்ளையின் கவுன்சிலிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம்.

எங்கள் பூர்வீக வீட்டையே திட்டமாக எடுத்துக்கொள்ளலாமா?

முடியாது. பயன்பெறுவது ஒரு வழிபாட்டு நிறுவனமாகவோ பள்ளியாகவோ சமூகமாகவோ இருக்க வேண்டும். பங்காளிகள் பத்துப் பேருக்குப் பாத்தியப்பட்ட வீடாக இருந்தாலும் அது தனியார் சொத்துதான். முகப்பும், உள்முற்றத்தைச் சூழ்ந்த வளவும் சிதைந்து கிடப்பதைப் பார்த்தால் நமக்கு மனம் கேட்காது. ஆனால் அது வேறு கவலை. பழைய வீட்டை விடுதியாக மாற்றி நடத்துகிறவர்களுக்கு உதவுவதும் கூடாது, ஏனென்றால் வணிக நிறுவனத்துக்கான வேலை விதியிலேயே விலக்கப்பட்டிருக்கிறது.

நகரத்தார் பிரிவுகளுக்குரிய நகரக் கோயிலை எடுத்துக்கொள்ளலாம். இளையாத்தங்குடி, மாத்தூர், வயிரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி ஆகிய ஒன்பதில் நம் பிரிவுக்குரியது எதுவோ அதில் செய்ய வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் இருக்கும். அங்கே நந்தவனத்தைச் சீரமைப்பது, பசுமடத்துக்கு வேண்டியதைச் செய்வது, கோயில் நூலகத்தை ஒழுங்கு செய்வது எல்லாம் தகும். கற்சிற்பத்தையும் கல்வெட்டையும் சுதை வேலையையும் பிள்ளைகள் தொடவே கூடாது. துடைத்துச் சுத்தம் செய்கிறோம் என்று ஆர்வக்கோளாறில் அமிலத்தை ஊற்றினால் போன எழுத்து திரும்பி வராது. கோயில் காரியக்காரர்களின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும். அறநிலையத் துறையின் பொறுப்பில் உள்ள கோயிலாயின் செயல் அலுவலரிடம் கேட்க வேண்டும்.

ஊருணியைத் தூர்வாருவது பொருத்தமான திட்டமா?

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். செட்டிநாட்டு ஊர்களை அமைத்தவர்கள் கூரைத் தண்ணீரையும் தெருத் தண்ணீரையும் கால்வாய் வழியே ஊருணிக்குக் கொண்டுசேர்த்தார்கள். நான்கு பக்கமும் படிக்கட்டும் சுற்றுச்சுவரும் வைத்து, குடிநீர் ஊருணி வேறு, குளிக்கும் ஊருணி வேறு என்று பேணிய ஊர்கள் உண்டு. அந்த அமைப்பை உயிர்ப்பிப்பது சிறந்த சேவை என்பதில் ஐயமில்லை. ஆனால் தூர்வாருவது பதினாறு வயதுப் பிள்ளை தலைமை தாங்கக்கூடிய வேலையா என்று கேட்டால், இல்லை என்பதே நம் விடை. மண்ணை அள்ளுவது ஜேசிபி. ஓட்டுவது அதன் ஓட்டுநர். காசு கொடுப்பது ஐயா. பிள்ளைக்குக் கரையில் நின்று படம் எடுப்பதைத் தவிர வேலை இராது. சீமைக்கருவேலத்தை அகற்றுவதும் அப்படித்தான். அடியோடு பெயர்க்காவிட்டால் வெட்டிய கட்டையிலிருந்தே மறுபடி தழைத்துவிடும். பெயர்ப்பதற்கு இயந்திரம் வேண்டும். முள்ளோ செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறும். வண்டல் மண்ணை வெளியே எடுக்க அரசு அனுமதியும் தனியாக வேண்டும்.

அதற்குப் பதிலாக வரத்துக்காலைப் பாருங்கள். ஊருணி வறண்டு கிடப்பதற்குக் காரணம் பெரும்பாலும் உள்ளே இல்லை, வழியில் இருக்கிறது. சுற்றுச்சுவரில் தண்ணீர் உள்ளே விழும் மடைவாயில் குனிந்து பார்த்தால் பால் பாக்கெட் உறைகளும் தேங்காய் மட்டையும் ஒன்றாக இறுகி, அதன்மேல் மண் படிந்து, புல் முளைத்திருக்கும். அங்கிருந்து தெருவோடு பின்னோக்கி நடந்தால், ஒரு வீட்டு வாசலில் சறுக்குத்தளம் போட்டுக் கால்வாயை மூடியிருப்பார்கள், இன்னோரிடத்தில் குப்பை கொட்டியிருப்பார்கள். இந்தப் பாதை முழுவதையும் பிள்ளைகள் நடந்து அளந்து, எந்த இடத்தில் என்ன அடைப்பு என்று வரைபடமாக்கி, கையால் அகற்றக்கூடியதை அகற்றி, முடியாததைப் பட்டியலிட்டு ஊராட்சியிடம் கொடுத்தால், அது முழுக்க முழுக்க ஒரு பிள்ளை திட்டமிட்டு நடத்திய வேலையாக இருக்கும். மழைக்கு முன் முடித்தால் ஐப்பசி கார்த்திகையில் பலனும் தெரிந்துவிடும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். மழைநீர்க் கால்வாயில் இன்று சாக்கடை கலந்து ஓடுமானால் பிள்ளைகளை அதில் இறக்கக் கூடாது. அந்த ஊரில் வேறு திட்டம் தேடிக்கொள்ளுங்கள்.

ஊருணி யாருக்குரியது என்பதையும் முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். ஊராட்சி, நகராட்சி, கோயில், தனி அறக்கட்டளை என்று ஊருக்கு ஊர் மாறும். கிராம நிர்வாக அலுவலரிடம் புல எண்ணைச் சொல்லி, நிலம் யாருக்குரியது என்று காட்டும் அ-பதிவேட்டைப் பார்த்தால் விளங்கிவிடும். உரியவர் எவரோ அவரே கையெழுத்திட வேண்டியவர்.

அரசுப் பள்ளியில் என்ன செய்யலாம்?

முதன்முதலாகச் செய்கிறவர்களுக்குப் பள்ளிதான் நல்லது. பொறுப்பாளர் யார் என்பது தெளிவு, இடம் பாதுகாப்பானது, உதவிக்குப் பிள்ளைகள் அங்கேயே இருக்கிறார்கள். தலைமையாசிரியரிடம் பேசி, அவர் வழியாகப் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் கல்வித் துறையிலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுத் தொடங்கலாம். பொருளாகக் கொடுப்பதாயின் 2022 டிசம்பரில் தொடங்கப்பட்ட ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்தின் வழியாகக் கொடுக்கும் வசதியும் இருக்கிறது.

வண்ணம் அடிப்பதை எல்லோரும் செய்கிறார்கள். தவறில்லை, புதுமையாக இருக்க வேண்டும் என்று விதியும் கேட்கவில்லை. எனினும் அலமாரியில் பூட்டிக் கிடக்கும் நூலகப் புத்தகங்களை வெளியே எடுத்து, செல்லரித்தவற்றைப் பிரித்து, வகுப்புவாரியாக அடுக்கி, பதிவேடு எழுதி, படிக்க ஒரு மூலையும் அமைத்துக் கொடுக்கும் வேலையில் தலைமைக்கு வாய்ப்பு அதிகம். கோட்டையூரில் ஒருவர் சேர்த்துவைத்த புத்தகங்களே சென்னையில் 1994 இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக உருவெடுத்தன என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லலாம். புத்தகத்தை அடுக்குவது அற்பக் காரியம் இல்லை என்று அவர்களுக்கும் தோன்றும்.

செலவு முழுவதையும் ஐயாவே கொடுத்துவிடலாமா?

கொடுக்கலாம். பிள்ளை, பெற்றோர், உறவினர், பிள்ளையின் படை, பயன்பெறும் அமைப்பு ஆகியோர் தரும் பணத்துக்கும் பொருளுக்கும் இயக்கத்திடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டியதில்லை. வெளியாரிடம் திரட்டுவதாயின் நிதி திரட்டும் விண்ணப்பத்தை நிரப்பி கவுன்சிலின் ஒப்புதலைப் பெற வேண்டும். ஊர்ச் சங்கம் தருவது உறவினர் தருவதாகுமா என்று கேட்கிறார்கள். புள்ளி வரி (குடும்பத்துக்கு இவ்வளவு என்று கட்டுவது) கட்டுகிறோம் என்பதால் சங்கம் உறவினராகிவிடாது, விண்ணப்பித்துவிடுங்கள். பணம் திரட்டிக் கொடுப்பதே திட்டமாகாது என்பதும் நினைவிருக்கட்டும். மிஞ்சிய பணம் பயன்பெறும் அமைப்புக்குப் போக வேண்டும்.

அமெரிக்காவில் நண்பர்களிடம் வசூலித்து இங்குள்ள அறக்கட்டளைக்கு அனுப்புகிறவர்கள் நம் சட்டத்தையும் பார்க்க வேண்டும். 2010 ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி, வெளிநாட்டுக் குடிமக்களிடமிருந்து பணம் பெறும் அறக்கட்டளையோ சங்கமோ அதற்குரிய பதிவையோ முன் அனுமதியையோ பெற்றிருக்க வேண்டும். ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளியைச் சேர்ந்த வெளிநாட்டுக் குடிமக்களுக்கானது) வைத்திருப்பவரும் இந்தச் சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டுக் குடிமகனே. இந்தியப் பாஸ்போர்ட்டோடு அங்கே இருப்பவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டுப் பங்களிப்பாகக் கருதப்படுவதில்லை. சிறிய திட்டத்துக்கு எளிய வழி, இங்கிருக்கும் ஐயாவோ அப்பத்தாவோ காரைக்குடிக் கடையில் பொருளை வாங்கி ரசீதோடு கொடுத்துவிடுவதுதான். பெரிய தொகையாயின் ஆடிட்டரைக் கேட்காமல் இறங்க வேண்டாம்.

கொத்தனாரையும் சித்தாளையும் வைத்து விரைவாக முடித்துவிட்டால் என்ன?

மின் இணைப்பு, குழாய் வேலை, உயரத்தில் செய்யும் வேலை போன்றவற்றை அந்தந்தத் தொழிலாளரிடமே விடுவது சரி. ஆனால் முழு வேலையையும் மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டால், கட்டடம் கிடைக்கும், திட்டம் கிடைக்காது. நம் வீடுகளில் இது எப்படி நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். பேரன் அலமாரி செய்ய வேண்டும் என்று காலையில் சொல்வான். ஐயா மதியத்துக்குள் ஆசாரியை வரவழைத்துவிடுவார். அப்பத்தா வேலையாட்களுக்குச் சாப்பாடு சொல்லிவிடுவார். சாயங்காலம் பேரன் எழுந்து வந்து பார்த்தால் பாதி அலமாரி நிற்கும். அத்தனையும் பாசம்தான், ஆனால் அந்தப் பாசத்தில் பிள்ளை செய்ய வேண்டிய ஒவ்வொரு முடிவும் அவன் கையை விட்டுப் போய்விடுகிறது.

ஈகிள் நிலைக்கான மதிப்பாய்வுக் குழுவினர் அலமாரியைப் பார்க்கப் போவதில்லை. மரம் போதாமல் போனபோது என்ன செய்தாய், வரவேண்டியவர்கள் வராதபோது யாரைக் கூப்பிட்டாய், யாரிடம் எந்த வேலையைக் கொடுத்தாய், ஏன் என்று கேட்பார்கள். அதற்கு ஐயாவிடம்தான் பதில் இருக்கும் என்றால் பிள்ளையின் நிலைமையை எண்ணிப் பாருங்கள். ஆகவே பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கேட்டால் மட்டும் சொல்லுங்கள். எந்தக் கடையில் பலகை நன்றாக இருக்கும் என்று சொல்லலாம். பேரனுக்கு முன்னால் போய் பேரம் பேசி முடித்துவிட வேண்டாம். ஆணி கோணலாக இறங்கினாலும் அவன் கண்டுபிடிக்கும் வரை பொறுத்திருப்பதுதான் இதில் உங்கள் பங்கு, அது எளிதில்லை என்பதும் தெரியும்.

உதவிக்கு எத்தனை பேர் வேண்டும்? உள்ளூர்ப் பிள்ளைகள் சேரலாமா?

பிள்ளையைத் தவிர இன்னும் இருவராவது வேண்டும். சாரணர்களாக இருக்க வேண்டியதில்லை. எந்த வயதினரும் இருக்கலாம். உள்ளூர்ப் பள்ளிகளில் பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் படைகள் இருந்தால் சாரண ஆசிரியரிடம் கேளுங்கள். 1950 இல் உருவான அந்த இயக்கத்திலும் பிரவேஷ், பிரதம சோபான், துவிதீய சோபான், திருதீய சோபான் என்று ஏறி, ஆளுநர் வழங்கும் ராஜ்ய புரஸ்கார், அதற்கு மேல் குடியரசுத் தலைவர் விருது என்ற படிகள் இருக்கின்றன. ஈகிளைப் போல ஒரே பெரிய திட்டத்தை மையமாக்காமல் பல சின்னங்கள், சேவைகள், தேர்வு முகாம்கள் என்று அது நடக்கிறது. அவர்கள் உங்கள் திட்டத்தில் உழைத்ததைச் சாரண ஆசிரியருக்கு எழுதிக் கொடுத்தால் அவர்களுக்கும் பயன்படும். அமெரிக்கப் பிள்ளை தலைவன், நம் பிள்ளைகள் கூலியாட்கள் என்ற தோற்றம் வந்துவிடாமல் பார்த்துக்கொள்வது முக்கியம். முடிச்சுப் போடுவதிலும் முதலுதவியிலும் நம் சாரணர்கள் எவருக்கும் சளைத்தவர்கள் அல்லர். அந்தப் பகுதிகளின் பொறுப்பை அவர்களிடமே கொடுங்கள்.

தமிழ் சரளமாகப் பேச வராத பிள்ளை எப்படித் தலைமை தாங்குவது?

பெற்றோர் மிகவும் தயங்குவது இந்த இடத்தில்தான். பிள்ளைகள் அவ்வளவு தயங்குவதில்லை. வழி மிக எளிது. ஒரு சார்ட் தாளில் கட்டங்கள் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் வேலையின் படத்தை வரைந்து, கீழே செய்ய வேண்டியவர்களின் பெயரைத் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். எழுத்துப் பிழையோடு இருந்தால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஓடிவந்து திருத்துவார்கள். அதற்குப் பிறகு வகுப்பில் யாரும் யாருக்கும் அந்நியர் இல்லை. மொழிபெயர்க்க ஒருவரை வைத்துக்கொள்ளலாம், ஆனால் அந்த ஒருவர் அம்மாவாக இருக்க வேண்டாம். அம்மா மொழிபெயர்க்கத் தொடங்கினால் சற்று நேரத்தில் அம்மாவே நடத்தத் தொடங்கிவிடுவார். அத்தை மகனோ சித்தப்பா மகளோ, ஒத்த வயதில் ஒருவர் போதும்.

பாதுகாப்புக்கு யார் பொறுப்பு?

இந்தத் திட்டம் இயக்கத்தின் அதிகாரபூர்வ நிகழ்வாகவே கருதப்படுகிறது. ஆகவே இளையோர் பாதுகாப்பு விதிகளும், பொறுப்புள்ள பெரியவர் இருவர் உடனிருக்க வேண்டும் என்ற விதியும் இங்கேயும் பொருந்தும். அந்த இருவரும் இயக்கத்தில் பதிவு பெற்றவர்களாக இருக்க வேண்டும் என்பதால், பெற்றோர் பதிவு செய்துகொண்டு வரலாமா, வேறு ஏற்பாடு உண்டா என்பதை முன்மொழிவு எழுதும்போதே ஸ்கவுட் மாஸ்டரிடம் தீர்த்துக்கொள்ள வேண்டும். மரம் அறுக்கும் இயந்திர ரம்பம் போன்றவற்றைப் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் கையாளக் கூடாது. கிணற்றிலும், தண்ணீர் நிறைந்த ஊருணியிலும் இறங்கும் வேலையை எடுக்கவே வேண்டாம். பூட்டிக் கிடந்த அறையையும் புதரையும் திறக்கும்போது ஊர்ப் பெரியவர் ஒருவர் முதலில் கம்பால் தட்டிப் பார்க்கட்டும். இங்கே பாம்பும் தேளும் சாதாரணம்.

எந்த மாதத்தில் வருவது நல்லது?

மே மாதத்தில் வேண்டாம். அக்னி நட்சத்திர வெயிலில் செம்மண் பூமியில் நின்று வேலை செய்யப் பழகாத பிள்ளைகள் சுருண்டுவிடுவார்கள், பள்ளியும் மூடியிருக்கும். ஜூன் மாதத்தில் இங்கே பள்ளி திறந்துவிடும்; அமெரிக்கப் பிள்ளைகளுக்கு அப்போது விடுமுறை. சனி, ஞாயிறு காலை வேளைகளில் வைத்துக்கொண்டு பதினொரு மணிக்குள் நிறுத்திவிடலாம். பழனிப் பாதயாத்திரைக்காரர்களுக்குச் செய்ய விரும்புகிறவர்கள், தைப்பூசம் அமெரிக்கக் குளிர்கால விடுமுறைக்குள் வருவதில்லை என்பதைக் கணக்கில் கொள்ளவும்.

அண்ணன் மகன், தம்பி மகன் இருவரும் சேர்ந்து ஒரே திட்டத்தைச் செய்யலாமா?

ஒரு திட்டம் ஒருவருக்கே கணக்காகும். ஒருவர் நூலகத்தையும் மற்றவர் தோட்டத்தையும் எடுத்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் உதவியாளராக இருக்கலாம்.

எத்தனை மணி நேரம் உழைக்க வேண்டும்? பெயர் பொறித்த கல் வைக்கலாமா?

குறைந்தபட்ச நேரம் என்று விதியில்லை. படிவத்தில் மணிக்கணக்கு கேட்பது புள்ளிவிவரத்துக்காகவே. காலத்துக்கும் நிலைத்து நிற்க வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது. உபயம் என்று பெயர் எழுதாமல் ஒரு குழல்விளக்கைக்கூட மாட்டாத ஊர் நம்முடையது என்பதால் கல் கேள்வி வராமல் இராது. இயக்கம் அதைக் கேட்பதில்லை; தலைமையாசிரியர் விரும்பினால் அவர் முடிவு. வைப்பதாயின் ஐயாவின் பெயருக்குப் பதிலாக, வேலை செய்த பிள்ளைகள் அனைவரின் பெயரையும் போடுங்கள்.

ஊர் திரும்பியபின் என்ன மிச்சமிருக்கும்?

ஒர்க்புக்கின் இறுதிப் பகுதியான அறிக்கையை எழுத வேண்டும். திட்டமிட்டது என்ன, நடந்தது என்ன, எங்கே மாற்ற நேர்ந்தது, யார் எவ்வளவு நேரம் உழைத்தார்கள், எவ்வளவு செலவு என்பன அதில் வரும். பயன்பெற்ற அமைப்பும் ஸ்கவுட் மாஸ்டரும் அதில் கையெழுத்திட வேண்டும். தலைமையாசிரியர்கள் இடமாற்றலில் போய்விடுவது உண்டு என்பதால், விமானம் ஏறுவதற்கு முன்பே அவருடைய கையெழுத்தையும் பள்ளி முத்திரையையும் வாங்கிக்கொள்ளுங்கள். திட்டம் உட்பட எல்லாத் தேவைகளையும் பதினெட்டாம் பிறந்தநாளுக்கு முன் முடித்தாக வேண்டும். மதிப்பாய்வுக் குழுவின் சந்திப்பு மட்டும் அதற்குப் பிறகு நடக்கலாம். பதினேழரை வயதில் முதன்முறையாக இதைப் பற்றிக் கேட்கும் குடும்பங்களுக்கு, திட்டத்தை அவர்கள் வசிக்கும் அமெரிக்க ஊரிலேயே செய்யும்படி சொல்லிவிடுகிறோம்.